நன்கொடை நிதியில் வட்டார வேலைவாய்ப்பு: எதற்குக் கொடுப்பது, எப்படி எண்ணுவது?

கரைமேடு (கேள்வி)

வணக்கம். ஒரு வட்டாரத்துக்கென்று இயங்கும் அறக்கட்டளைக்கு ஐந்தாண்டு மானியத் திட்டம் தயாராகிறது. மொத்தத் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைவில் இருப்பது இதுதான்: 70 பங்கு தொழிற்பயிற்சி நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு, எல்லாமே ஓராண்டு மானியம். 20 பங்கு சிறுதொழில் தொடங்குவோருக்கு, திருப்பித் தர வேண்டாத உதவி. மீதி 10 பங்கு அறக்கட்டளையின் சொந்த நிர்வாகத்துக்கும் மதிப்பீட்டுக்கும். மானியம் வாங்கும் நிறுவனங்கள் நிர்வாகச் செலவாக 10 சதவீதத்துக்கு மேல் காட்டக்கூடாது. ஐந்தாண்டு முடிவில் 1,000 வேலை உருவாகியிருக்க வேண்டும்.

அறங்காவலர்கள் கேட்பது மூன்று. அந்த 10 சதவீத உச்சவரம்பு நியாயமானதா? 1,000 வேலை என்பதில் யாரை எண்ணுவது, பயிற்சி முடித்தவரையா, வேலையில் சேர்ந்தவரையா? மானியத்தைத் தவிர கடன், உத்தரவாதம் போன்ற வழிகளில் இறங்கலாமா, இறங்கினால் எங்கே இடிக்கும்?

பொதுப்படையான அறிவுரை நிறையக் கிடைத்துவிட்டது. கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

தணிக்கைத்தாள்

முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். வரைவு உடையும் இடமும் அதுதான்.

பயிற்சி நிறுவனம் ஒன்று நான்கு திட்டங்கள் நடத்துகிறது. ஒவ்வொன்றின் நேரடிச் செலவும் 100: பயிற்றுநர் சம்பளம், மூலப்பொருள், கூட வாடகை, பயில்வோருக்கான பயணப்படி. ஆக 400. எந்த ஒரு திட்டத்தின் தலையிலும் தனியாக எழுத முடியாத செலவுகள் வேறு உண்டு. கணக்கர், ஆடிட்டர் கட்டணம், செயலாளரின் நேரம், கணினி, காப்பீடு, ஆள் எடுக்கும் செலவு இவையெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 120 என்று வையுங்கள். உண்மையான பொதுச்செலவு விகிதம் 30 சதவீதம். கொடுப்பவர் நால்வரும் 10 சதவீதத்தோடு நிறுத்தினால் வரவு 440, செலவு 520. ஆண்டுக்கு 80 துண்டு விழுகிறது. அடுத்த ஆண்டு ஐந்தாவது திட்டம் கிடைத்தால் ஊரெல்லாம் பாராட்டும், ஆனால் பொதுச்செலவும் அதே விகிதத்தில் ஏறினால் துண்டு இன்னும் பெரிதாகும். வளர வளர நஷ்டம் என்பது இந்தத் துறையில் வெறும் பேச்சு இல்லை.

அந்த 80 எங்கே வெட்டப்படும் என்று பாருங்கள். பயிற்றுநர் சம்பளத்தில் கை வைக்க முடியாது, அது உங்கள் ஒப்பந்தத்தில் வரிவரியாக இருக்கிறது. கணக்கர் பணியிடம் காலியாகவே கிடக்கும். அறிக்கை தாமதமாகும். அறிக்கை தாமதமானால் நீங்களே அடுத்த தவணையை நிறுத்திவைப்பீர்கள். பிறகு பயிற்றுநர் சம்பளமும் தள்ளிப்போகும். சுற்றி வளைத்துப் பார்த்தால் உங்கள் வரம்பு உங்கள் திட்டத்தையே அடிக்கிறது.

10 என்ற எண்ணுக்குப் பின்னால் எந்த ஆய்வும் இல்லை, பழக்கம்தான். அமெரிக்கக் கூட்டரசு மானியங்களில், தனக்கென்று விகிதம் பேசி முடிக்காத நிறுவனங்களுக்கு இருந்த 10 சதவீதம் 2024 அக்டோபரிலிருந்து 15 ஆகிவிட்டது. ஃபோர்டு அறக்கட்டளை 2016-லேயே தன் திட்ட மானியங்களுக்கு 10-ஐ 20 ஆக்கியது. இந்தியாவில் நேர்மாறாக, வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 2020-ல் 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்கியது. ஒரே வேலைக்கு இத்தனை எண்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. மேலே சொன்ன 100-இல் 40 பயில்வோர் கைக்கே போகும் உதவித்தொகை என்றால், அந்தப் பணத்துக்கு நிர்வாக உழைப்பு அதிகம் தேவையில்லை. அதைக் கழித்துவிட்டு 60-ஐ அடிப்படையாக வைக்கும் நிறுவனமும் உண்டு. அதன் கணக்கில் 240-க்கு 120, அதாவது 50 சதவீதம். செலவில் ஒரு காசு கூடவில்லை, விகிதம் மட்டும் 30-லிருந்து 50 ஆகிவிட்டது. இரண்டு நிறுவனங்களின் விகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றைச் சிக்கனம், மற்றதை ஊதாரி என்று தீர்ப்புச் சொல்லும் குழுக்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகின்றன.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா என்றால், வேண்டும், வேறு இடத்தில். நிறுவனத்தின் முழு ஆண்டு பட்ஜெட்டை ஒரே தாளில் கேளுங்கள். வரிசைகளில் செலவினங்கள், பத்திகளில் ஒவ்வொரு கொடையாளர், கடைசிப் பத்தியில் மொத்தம். வாடகை 100 என்றால் எல்லாப் பத்திகளும் சேர்ந்து 100 வர வேண்டும், 130 வந்தால் ஒரே வாடகையை இரண்டு பேரிடம் வாங்குகிறார்கள். ஆட்களுக்கும் அப்படியே. ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் நேரம் ஒரு திட்டத்தில் 60, இன்னொன்றில் 40, மூன்றாவதில் 15 சதவீதம் என்று மொத்தம் 115 வரும் தாள்கள் சாதாரணம். எல்லா நேரமும் மோசடி என்று சொல்ல முடியாது, திட்டங்களைத் தனித்தனியாக எழுதியதால் வரும் கோளாறாகவும் இருக்கும். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்.

ஓராண்டு மானியத்தையும் மாற்றுங்கள். பயிற்சிக்கு ஆள் சேர்க்க 2 மாதம், பாடம் 6 மாதம், வேலையில் அமர்த்த 3 மாதம், அதன் பிறகு நிலைத்தார்களா என்று பார்க்க 12 மாதம். மொத்தம் 23 மாதம் ஓடும் வேலைக்கு 12 மாதப் பணம் எப்படிப் போதும்? எட்டாவது மாதத்திலேயே பயிற்றுநர்கள் அடுத்த இடம் தேட ஆரம்பிப்பார்கள், வேலையில் அமர்த்த வேண்டிய கட்டத்தில் ஆள் இருக்காது. மூன்றாண்டுக்குக் குறையாமல் கொடுங்கள். நிறுவனங்களின் எண்ணிக்கையைக் குறைத்தாவது கொடுங்கள்.

கடைசியாகக் கையிருப்பு. இருப்புநிலைக் குறிப்பில் கட்டுப்பாடற்ற நிகர சொத்து (கொடையாளர் நிபந்தனை இல்லாத, கடன் போக மிஞ்சும் சொத்து) 60 என்று இருந்தால் நிறுவனம் வசதியாக இருப்பது போலத் தோன்றும். அதில் கட்டடமும் வண்டியும் 45, அவற்றின் மேல் கடன் 5 என்றால், 60-இலிருந்து 40-ஐக் கழியுங்கள். கையில் புரளக்கூடியது 20. மாதச் செலவு 10 என்றால் இரண்டு மாதம் தாங்கும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு, மானியத்தோடு 5 முதல் 10 சதவீதத்தைக் கையிருப்புக்கென்றே ஒதுக்குங்கள். அதை எடுப்பதற்கு அவர்களுடைய நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டும் என்ற ஒரு விதி போதும்.

---

நடுவரப்பு

தணிக்கைத்தாள் சொல்வது கணக்காகச் சரி. ஆனால் வரம்பு இல்லையென்றால் கார், அலுவலக அலங்காரம், உறவினருக்குச் சம்பளம் என்று போகும். நன்கொடையாளர்களிடம் "உங்கள் பணத்தில் 90 சதவீதம் பயனாளிக்கே" என்று சொல்ல முடிவதும் ஒரு பலம். அதை எளிதில் விட்டுவிட முடியாது.

---

தணிக்கைத்தாள்

காரை வரம்பு தடுக்காது. 10 சதவீத வரம்பு இருக்கும் இடத்தில் கார் "களப் போக்குவரத்து" என்ற தலைப்பில் நேரடிச் செலவாக உட்கார்ந்திருக்கும். உறவினர் "களப் பணியாளர்" ஆகியிருப்பார். தடுப்பது மூன்று மேற்கோள் வாங்கும் கொள்முதல் விதி, உறவுமுறை வெளிப்படுத்தும் படிவம், இரண்டு கையெழுத்து இல்லாமல் நகராத வங்கிக் கணக்கு. இவற்றை நடத்த ஒரு கணக்கர் வேண்டும். அவருடைய சம்பளம்தான் உங்கள் வரம்பில் அடிபடுகிறது.

90 சதவீத வாசகத்தைப் பற்றி: பயிற்சி நிறுவனத்தில் பயிற்றுநர் சம்பளம் பயனாளிக்குப் போகிறதா, நிறுவனத்துக்கா? எந்தப் பக்கம் எழுதுகிறீர்களோ அதற்கேற்ப 90-ம் வரும், 30-ம் வரும்.

---

ஏட்டுக்கணக்கு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே போடுவதை அளக்கிறோம், விளைந்ததை அளப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

முதலில் அலகைத் தீர்மானியுங்கள். பயிற்சி முடித்தவர் வேலை ஆகமாட்டார், அவரைத் தனிப் பத்தியில் வையுங்கள். வேலை என்றால் சம்பளம் கொடுக்கப்பட்ட மணிநேரம். வாரம் 40 மணி, 52 வாரம், ஆண்டுக்கு 2,080 மணி என்பதை ஒரு முழுநேர வேலை என்று கொள்ளலாம். வாரம் 20 மணி உழைக்கும் 12 பேர் ஆண்டு முழுதும் இருந்தால் அது 6 வேலை. முழுநேரமாக மூன்றே மாதம் உழைத்த 8 பேர் என்றால் 2 வேலை. தலையை எண்ணினால் 20, வேலையை எண்ணினால் 8. இலக்கில் இருக்கும் 1,000 எந்த எண்? 200 வேலை ஐந்தாண்டு நீடித்தால் அது 1,000 வேலை-ஆண்டுகள். 1,000 நிரந்தர வேலை என்பது முற்றிலும் வேறு. தீர்மானத்தில் எழுதாமல் விட்டால் ஐந்தாம் ஆண்டில் எது கைக்கு எட்டுகிறதோ அதுவே இலக்காகிவிடும்.

அடுத்து நிகர எண். பயிற்சி பெற்ற 100 பேரில் 70 பேர் ஓராண்டில் வேலையில் இருக்கிறார்கள் என்று அறிக்கை வருகிறது. அது நிகர எண்ணாக எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள்.

பயிற்சியே இல்லாவிட்டாலும் அவர்களில் எத்தனை பேர் வேலை தேடிக்கொண்டிருப்பார்கள்? இதை ஊகிக்க வேண்டியதில்லை. 60 இடத்துக்கு 150 தகுதியான விண்ணப்பம் வந்தால் குலுக்கல் முறையில் எடுங்கள். இடம் கிடைக்காதவர்களையும் ஓராண்டு கழித்து அழைத்துக் கேளுங்கள். அவர்களில் நூற்றுக்கு 45 பேர் வேலையில் இருந்தால், பயிற்சியின் பலன் 70 இல்லை, 25. அந்த 25-இல் ஐந்தில் ஒரு பங்கு வட்டாரத்தை விட்டு வெளியே போய் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு நல்லதே நடந்திருக்கிறது, ஆனால் வட்டாரக் கணக்கில் 20. அந்த 20-இல் கால்வாசிப் பேர் இன்னொரு உள்ளூர்க்காரருக்குக் கிடைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் மிஞ்சுவது 15. அவர்களின் சம்பளம் வட்டாரத்துக்குள் செலவாகி உண்டாக்கும் கூடுதல் வேலைக்கு 1.3 என்று பெருக்கியைப் போட்டால் 19.5. எழுபதில் தொடங்கி இருபதுக்குக் கீழே வந்துவிட்டோம். சதவீதங்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் இடத்தில் வேறாக இருக்கும். ஆனால் கழித்தலின் வரிசை இதுவே.

இப்படி ஒருவரின் இடத்தை இன்னொருவர் பிடிக்கும் இடப்பெயர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. காலியிடங்கள் அதிகமாகாத இடத்தில் பயிற்சி கொடுத்தால் வரிசையில் நிற்போர் இடம் மாறுவார்கள், வரிசை குறையாது. ஆள் கிடைக்காமல் பணியிடம் கிடக்கும் தொழிலில் கொடுத்தால் கதை வேறு. முதலாளிகளிடம் "ஆள் தேவையா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். 60 நாளுக்கு மேல் நிரப்பப்படாத பணியிடங்களின் பட்டியலும், அவற்றுக்கு அவர்கள் தரத் தயாராக இருக்கும் சம்பளமும் எழுத்தில் கேளுங்கள். பட்டியல் வராத தொழிலுக்குப் பயிற்சி வேண்டாம்.

கேட்டறியும் முறையில் வரும் ஓட்டையும் பெரிது. 100 பேரில் 60 பேர்தான் போனில் கிடைத்தார்கள், அதில் 48 பேர் வேலையில் இருக்கிறார்கள் என்றால் அறிக்கை "80 சதவீதம்" என்று சொல்லும். கிடைக்காத 40 பேரும் வேலையற்றவர்கள் என்றால் 48 சதவீதம், எல்லோரும் வேலையில் இருந்தால் 88. இந்த இரண்டு எல்லைகளையும் அச்சிடச் சொல்லுங்கள். இடைவெளியைக் குறைக்கும் வழி எளியது: சேரும்போதே வேறு இருவரின் எண்களை வாங்குவது, மூன்று மாதத்துக்கொரு முறை அழைப்பது, அழைப்பதற்கென்று ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்குவது. கடைசியானதைத்தான் யாரும் பட்ஜெட்டில் போடுவதில்லை.

பணப்புழக்கப் பெருக்கியைக் கண்டுபிடிக்க லண்டனில் உள்ள நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் உருவாக்கிய மூன்று சுற்று முறை சிறு அமைப்புகளுக்கு ஏற்றது. நிறுவனத்துக்கு வந்தது 100. அதில் உள்ளூர் ஆட்களுக்கும் கடைகளுக்கும் போனது 60. அதை வாங்கியவர்கள் மறுபடி உள்ளூரில் செலவிட்டது 33. மூன்றையும் கூட்டி 100-ஆல் வகுத்தால் 1.93. உங்கள் நிறுவனங்கள் உள்ளூரில் வாங்குகின்றனவா என்று பார்க்க நல்ல கருவி. இதை மேலே சொன்ன வேலைப் பெருக்கியின் இடத்தில் கொண்டுபோய்ப் போடாதீர்கள், இரண்டும் வேறு வேறு. அந்த 100 எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வந்த நன்கொடை என்றால் புதுப்பணம். உள்ளூர்க்காரர்களே கொடுத்தது என்றால், அவர்கள் அதை வேறெங்கோ உள்ளூரில் செலவிட்டிருப்பார்கள், அந்தப் பகுதியைக் கழிக்க வேண்டும்.

கரைமேடு வரைவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. தொண்டு நிறுவனங்களே முதலாளிகள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில் 2022-ல் அங்கே தனியார் துறை வேலைகளில் 9.9 சதவீதம், ஏறத்தாழ 1.28 கோடி வேலைகள், லாபநோக்கற்ற நிறுவனங்களில் இருந்தன. மருத்துவமனை, கல்லூரி எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண். எனவே திட்டம் தொடங்கும் அடித்தள ஆண்டில் உங்கள் மானியதாரர்களிடம் எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணி வையுங்கள். 100 பேருக்கு வேலை தேடிக் கொடுத்துவிட்டு, தணிக்கைத்தாள் சொன்ன துண்டினால் 15 பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பும் நிறுவனத்தின் கணக்கு 100 ஆகாது.

---

சுமைதாங்கி

மூன்றாவது கேள்வி. அதற்கு முன், நன்கொடையின் அளவைச் சரியான இடத்தில் வைத்துவிடலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 30-க்கு மேற்பட்ட நாடுகளில் இத்துறையின் வருவாயை ஒப்பிட்டபோது, பாதிக்கு மேல் கட்டணமும் விற்பனையும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அரசுப் பணம், தனியார் கொடை ஏறத்தாழ 12 சதவீதம்தான். மருத்துவமனை நடத்தும் செலவையோ மாவட்டத்துக்கே பயிற்சி தரும் செலவையோ இதிலிருந்து ஈடுகட்டப் பார்த்தால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. மற்ற 88-ம் தொடத் தயங்கும் இடத்தில் வைத்தால்தான் இந்த 12-க்கு மதிப்பு: காத்திருக்கும் பணம், நஷ்டத்தைத் தாங்கும் பணம்.

காத்திருக்கும் பணத்துக்கு உதாரணம், சுழல்நிதி. அரசுத் துறைக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனத்துக்குப் பில் பணம் வர 90 முதல் 120 நாள் ஆகிறது, சம்பளமோ மாதா மாதம். உங்கள் 100-இல் 10 பங்கைச் சுழல்நிதியாக ஒதுக்கி, ஏற்கப்பட்ட பில்லின் 80 சதவீதத்தை முன்பணமாகக் கொடுத்தால், ஒரு நேரத்தில் 12.5 பங்கு மதிப்புள்ள பில்களைத் தாங்கலாம். ஆண்டுக்கு மூன்று முறை சுழன்றால் 37.5. ஐந்தாண்டு முடிவில் அந்த 10-இல் பெரும்பகுதி உங்களிடமே இருக்கும். 100 சதவீதம் கொடுக்காததற்குக் காரணம், துறை பில்லில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வது வழக்கமாக நடக்கும். பணம் வந்து விழும் கணக்கு இருதரப்புக் கையெழுத்துள்ள தனிக் கணக்காக இருக்கட்டும். இல்லையென்றால் பணம் வந்த அன்றே வேறு அவசரத்துக்குப் போய்விடும்.

நஷ்டம் தாங்கும் பணம் என்றால் உத்தரவாதம். சிறுதொழிலுக்கு வைத்திருக்கும் 20 பங்கை அப்படியே இலவசமாக அள்ளிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் 5-ஐ வைப்புத்தொகையாக வைத்து, வங்கியை 25 பங்குக்குக் கடன் கொடுக்க வைக்கலாம். கடனில் 10 சதவீதம் வராமல் போனால் 2.5. அதில் 75 சதவீதத்தை நீங்கள் ஏற்றால் 1.875. வைப்பு தாங்கும். ஒப்பந்தத்தில் மூன்று வாசகம் இல்லாவிட்டால் இதில் இறங்க வேண்டாம்:

- ஒவ்வொரு நஷ்டத்திலும் குறைந்தது 25 சதவீதம் வங்கியுடையது. இல்லையேல் வசூலிக்கும் அக்கறை வங்கிக்குப் போய்விடும்.
- ஒப்பந்தத் தேதிக்குப் பிந்தைய கடன்கள் மட்டும். இல்லையேல் பழைய வாராக்கடனெல்லாம் உங்கள் தலையில் ஏறும்.
- எத்தனை நாள் தவணை தவறினால், என்னென்ன வசூல் முயற்சி முடிந்தபின் உங்களிடம் கேட்கலாம் என்ற வரையறை. 90 நாள் என்பது வழக்கமான எல்லை.

வங்கி எப்படியும் கொடுத்திருக்கும் கடனுக்கு உத்தரவாதம் தருவது வீண். முன்பு மறுக்கப்பட்ட வகையினருக்கு மட்டும் என்று அடைப்பு போடுங்கள்.

அறக்கட்டளை நேரடியாகக் கடன் கொடுப்பது புதிதல்ல. ஃபோர்டு அறக்கட்டளை 1968-லேயே தொடங்கியது, அடுத்த ஆண்டே அமெரிக்க வரிச்சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் வருமானமே இல்லாத வேலைக்குக் கடன் கொடுக்காதீர்கள். இலவசச் சட்ட உதவி, குழந்தைகள் பாதுகாப்பு போன்றவற்றில் திருப்பிக் கட்ட எதுவும் உருவாகாது. அங்கே கடன் என்பது தள்ளிப்போட்ட துண்டு. வசூல் பிரிவு இல்லாத அறக்கட்டளை தானே கடன் கொடுக்க ஆரம்பித்தால் இரண்டாவது தவணையிலேயே அது மானியமாக மாறிவிடும். வாங்கியவருக்கும் அது தெரிந்திருக்கும்.

எல்லாவற்றையும்விடச் சந்தைதான் முக்கியம். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில், உலகின் முதல் சமூக அறக்கட்டளை என்று 1914-ல் உருவான கிளீவ்லண்ட் ஃபவுண்டேஷன், பெரிய மருத்துவமனைகளோடும் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து, தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் எவர்கிரீன் கூட்டுறவுகளை 2008-ல் தொடங்கியது. கணக்கு நேர்த்தியானது: அந்த நிறுவனங்கள் எப்படியும் சலவைக்கும் உணவுக்கும் செலவிடுகின்றன, அதை அக்கம்பக்கத்து ஆட்களிடமே வாங்கட்டும். சலவைக்கூடம் 2009-ல் திறந்தது. ஆனால் கிளீவ்லண்ட் கிளினிக் என்ற பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தை நடத்தும் பொறுப்பு 2018-ல்தான் அவர்கள் கைக்கு வந்தது. அறக்கட்டளையும் மருத்துவமனையும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தும் ஒன்பது ஆண்டு! பழைய ஒப்பந்தங்கள் முடிய வேண்டும், கொள்முதல் பிரிவு ஒத்துக்கொள்ள வேண்டும். ஆகவே தொழில் தொடங்கப் பணம் கொடுப்பதற்கு முன், வாங்குபவரின் எழுத்துபூர்வ ஒப்பந்தம், எத்தனை அளவு, எத்தனை ஆண்டு, எந்த விலை என்பதோடு கையில் இருக்கட்டும். பத்துப் பேருக்குத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் பத்து வேலை என்று எழுதுவார்கள். அதே தெருவில் ஏற்கெனவே தைத்துக்கொண்டிருந்தவரின் வாடிக்கை பாதியானதை யாரும் எழுதமாட்டார்கள்.

வேலை எண்ணிக்கைக்கு வெளியேயும் வட்டார நலன் உண்டு என்பதற்கு உதாரணம், அமெரிக்க நகரமான டெட்ராய்ட். 2013 ஜூலையில் நகரம் திவால் மனு போட்டது. அறக்கட்டளைகள் சேர்ந்து 20 ஆண்டில் 36.6 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. மாநில அரசு 19.5 கோடி, நகரின் கலை அருங்காட்சியகம் தன் பங்குக்கு 10 கோடி திரட்டுவதாகச் சொன்னது. ஓய்வூதிய வெட்டு பெருமளவு தணிந்தது, அருங்காட்சியகத்தின் ஓவியங்கள் ஏலத்துக்குப் போகவில்லை. புதிதாக ஒரு வேலைகூட அதில் "உருவாக்கப்பட்டது" என்று எழுத முடியாது. ஆனால் மாதா மாதம் உள்ளூரில் செலவாகும் ஓய்வூதியம் நிலைத்தது.

---

கரைமேடு

மூவருக்கும் நன்றி. வரைவைப் பிரித்துப் போட வேண்டும் என்று தெரிகிறது. இன்னும் இரண்டு: விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுப்பதை எப்படி அமைப்பது? தவணைகளை எப்படிப் பிரிப்பது? காலாண்டு அறிக்கை வந்து சரிபார்த்தபின் அடுத்த தவணை என்பது இப்போதைய விதி.

---

ஏட்டுக்கணக்கு

தேர்வுக்கே ஒரு கணக்கு போடுங்கள். மானியம் 100. ஐந்து பேருக்குத்தான் கிடைக்கும், 25 பேர் முழு விண்ணப்பம் எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆள் நேரம், ஆவணம், ஆடிட்டர் சான்று எல்லாம் சேர்த்து 3 செலவு என்றால் 75. அதாவது 100-ஐப் பங்கிட வட்டாரத்தின் தொண்டு நிறுவனங்கள் 75-ஐ எரித்திருக்கின்றன. முதலில் இரண்டு பக்கக் குறிப்பு மட்டும் கேளுங்கள், அதற்கு 0.5 செலவு. அதிலிருந்து ஏழு பேரை மட்டும் முழு விண்ணப்பத்துக்கு அழையுங்கள். 12.5-ம் 21-ம் சேர்ந்து 33.5. அந்த ஏழில் தேராத இருவருக்கு எழுதும் செலவைத் திருப்பிக் கொடுத்தாலும் உங்களுக்கு 6-தான். மற்ற கொடையாளருக்கு எழுதிய விண்ணப்பத்தையே ஏற்பதாகச் சொன்னால் இன்னும் குறையும்.

---

தணிக்கைத்தாள்

தவணை விதி இப்படியே இருந்தால் ஒரு நல்ல நிறுவனம்கூட மூச்சுத் திணறும். மாதச் செலவு 10. காலாண்டு முடிந்து 30 நாளில் அறிக்கை, உங்கள் சரிபார்ப்புக்கு 45 நாள். மொத்தம் 75 நாள், அதாவது 25 பங்குக்கு அவர்கள் எங்கேயோ கடன் வாங்கிச் சம்பளம் போட வேண்டும். சுமைதாங்கி சொன்ன சுழல்நிதியை உங்களால் ஏற்பட்ட ஓட்டையை அடைக்கவே பயன்படுத்த வேண்டி வரும்.

ஆண்டு மானியத்தை அரையாண்டுக்கு ஒன்றாக இரண்டு தவணையாக்கி, இரண்டையும் முன்கூட்டியே கொடுங்கள். முதல் தவணையில் 70 சதவீதம் செலவானதும் இரண்டாவதைக் கேட்கலாம் என்று வையுங்கள். அப்போது கையில் 18 பங்கு, கிட்டத்தட்ட 54 நாள் செலவுக்கு இருக்கும், உங்கள் சரிபார்ப்பும் அதற்குள் முடிந்துவிடும். தணிக்கை ஆண்டுக்கு ஒரு முறை, எல்லாக் கொடையாளருக்கும் ஒரே அறிக்கை. திட்டத்துக்கொரு தனித் தணிக்கை கேட்டால் அதற்கான கட்டணத்தை மானியத்தில் சேருங்கள்.

பட்ஜெட் தலைப்புகளுக்கு இடையே 15 சதவீதம் வரை அனுமதி கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். கடைசி மாதத்தில் மிச்சம் இருக்கும் தலைப்பைத் தீர்க்கவென்று தேவையில்லாத பொருள் வாங்குவது அதோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

---

சுமைதாங்கி

விலகுவதையும் இப்போதே ஒப்பந்தத்தில் போட்டுவிடுங்கள், ஐந்தாம் ஆண்டில் யோசிக்க நேரம் இருக்காது. ஒரு நிறுவனத்தின் வருமானத்தில் உங்கள் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், திடீரென்று நிறுத்துவது ஆட்குறைப்பு ஆணை போடுவதற்குச் சமம். 100, 100, 100, 75, 50 என்று இறக்குங்கள். புதுப்பிப்பு இல்லை என்ற முடிவைக் குறைந்தது 12 மாதம் முன்பே எழுத்தில் கொடுங்கள், 18 மாதம் என்றால் மேல். குறையும் 25-ம் 50-ம் எங்கிருந்து வரும் என்பதை மூன்றாம் ஆண்டிலேயே கேளுங்கள்: கட்டணமா, அரசு ஒப்பந்தமா, வேறு கொடையாளரா? "திரட்டிக்கொள்வோம்" என்று பதில் வந்தால், நிதி திரட்டும் ஆளின் சம்பளத்தை நீங்களே இரண்டாண்டுக்கு ஏற்பது மலிவு.

உங்கள் சொந்த 10 பங்கையும் மறக்க வேண்டாம். சுழல்நிதி, உத்தரவாதம், ஓராண்டுத் தொடர் அழைப்பு எல்லாம் செய்வதென்றால் அதற்கு ஆள் வேண்டும். மானியதாரரிடம் உண்மைச் செலவைக் கேட்கும் அதே தாளை உங்கள் அலுவலகத்துக்கும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 13, 14 வந்தால் அறங்காவலர்களிடம் அந்த எண்ணையே வையுங்கள்.

---

கரைமேடு

அடுத்த கூட்டத்துக்கு வைக்கப்போவது: பயிற்சிக்கு 45, மூன்றாண்டுக்குக் குறையாத மானியமாக, முழுச்செலவோடு. கையிருப்புக்கு 5. சுழல்நிதி 10. உத்தரவாத வைப்பு 5. வாங்குபவர் ஒப்பந்தம் உள்ள தொழில்களுக்கு 12. தொடர் அழைப்பும், இடம் கிடைக்காதவர்களின் ஒப்பீட்டுக் குழுவும் உள்ள மதிப்பீட்டுக்கு 5. அலுவலகத்துக்கு 13. மிச்சம் 5 ஒதுக்காமல், மூன்றாம் ஆண்டில் முடிவெடுப்பதற்காக. 1,000 வேலை என்பது 1,000 வேலை-ஆண்டுகள் என்று மாறுகிறது, நிகர எண்ணும் மொத்த எண்ணும் இரண்டு பத்தியாக. 10 சதவீத வரம்பை எடுப்பதற்குத்தான் இரண்டு அறங்காவலர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களிடம் 440, 520 தாளைக் காட்டப் போகிறேன்.

---

நடுவரப்பு

அந்தத் தாளோடு கொள்முதல் விதியையும் உறவுமுறைப் படிவத்தையும் சேர்த்தே வையுங்கள். வரம்பை எடுக்கும் தீர்மானமும் அவற்றைக் கட்டாயமாக்கும் தீர்மானமும் ஒரே நாளில் நிறைவேறினால் நானும் ஆட்சேபிக்க மாட்டேன்.